கோணல் சால்

மே மாதம், வெள்ளி இரவு பத்தரை.
சஸ்காட்செவன் சமவெளியில்
ஒரீசியா ஹொலோவாட்டி டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்தாள்
என்று சொன்னால் அது தவறு.
டிராக்டர் தானே ஓடிக்கொண்டிருந்தது.
அவள் சூரியகாந்தி விதை கொறித்துத்
தோலைக் காபிக் கோப்பையில் துப்பிக்கொண்டிருந்தாள்.

பின்னால் எழுபதடி அகல விதைப்புக் கருவி.
உள்ளே கனோலா, கடுகின் ஒன்றுவிட்ட தங்கை.
ஞாயிறன்று மழை என்றிருந்தது வானொலி.
அதற்குள் முன்னூறு ஏக்கர்.

திரையின் நேர்கோடு முதலில் நடுங்கியது.
பிறகு ஓரடி வலமாக நகர்ந்தது.
பிறகு, மன்னிப்புக் கேட்பதுபோல்,
இரண்டடி இடமாக.
ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்;
டிராக்டர் வானம் கோணல் என்றது.
அன்றைக்கு
அது உண்மை.

இரண்டு நாள் முன்பு சூரியனை விட்டுக் கிளம்பியவை
வந்து சேர்ந்திருந்தன.
பூமியின் காந்த வேலி பகல் பக்கம் நசுங்கி
இரவுப் பக்கம் வாலாக நீண்டு
இழுபட்டு, இழுபட்டு, அறுந்து
அறுந்த வேகத்தில் உண்டிவில் போல
உள்நோக்கி எறிந்தது துகள்களை.
புரோட்டான்கள் மேற்கே, எலக்ட்ரான்கள் கிழக்கே:
ஒரே செக்கில் எதிரெதிராய்ப் பூட்டிய மாடுகள்.
ஆனாலும் ஆட்டி எடுத்தது ஒரே எண்ணெய்,
பூமியின் இடுப்பில் ஒரு மின்சார ஒட்டியாணம்.
சுற்றிக்கொண்டே ஒவ்வொன்றும்
காந்தக் கோட்டைத் திருகிக்கொண்டு வடக்கே போய்
நெருக்கம் தாங்காமல் திரும்பி,
தெற்கே போய்த் திரும்பி,
திரும்பத் தவறியவைதான்
நிறம்.

கருவி விற்ற டுவெய்னைத் தொலைபேசியில் பிடித்தாள்.
"இன்றைக்கு நீங்கள் நாற்பத்தோராவது ஆள்.
டிராக்டரில் ஒன்றுமில்லை. சூரியனில் புயல்."
"எப்போது விடும்?"
"அதன் எண் என்னிடம் இல்லை."

செயற்கைக்கோள்கள் சரியாகத்தான் சொல்லின.
சொன்ன சொல் இறங்கும் வழியில்
எலக்ட்ரான் சந்தைக்கூட்டத்தில் இடிபட்டது.
நொடியில் நூறு கோடியில் ஒரு பங்கு தாமதம்,
நிலத்தில் ஓரடி.

கதவைத் திறந்து இறங்கினாள்.
அடுத்த வயலில் குல்லிக்சன் வீட்டு விளக்குகள் நின்றிருந்தன.
அதற்கப்பால் இன்னொன்று. அதற்கும் அப்பால்.
விதைப்புக் காலத்தில் ஒரு சமவெளி முழுக்க
அசையாத விளக்குகளை அவள் பார்த்ததில்லை.
தலைக்கு மேல் சிவப்பு.
புல்லில் தீப்பிடித்ததோ என்று மூக்கை உறிஞ்சினாள்.
ஈர மண்வாசனைதான்.
சிவப்பின் விளிம்பில் பச்சை ஊறி வந்தது.
அழகாயிருந்தது.
அதுதான் எரிச்சலாயிருந்தது.

பதினோரு வருடம் கழித்து
வளையத்தைக் கையில் பிடித்தாள்.
தானியக் கிடங்கின் உச்சி விளக்கைக் குறிவைத்து
மூன்று மணிவரை
தோள் வலிக்க, கெட்ட வார்த்தை சொல்லிச் சொல்லி
விதைத்தாள்.

ஜூலையில் மருந்து தெளிக்கும் விமானி
மேலிருந்து எடுத்த படத்தை அனுப்பினான்.
மஞ்சளில் மஞ்சளாய்ப் பூத்த சால்கள்.
பாதி வயல் ஸ்கேல் வைத்துக் கிழித்ததுபோல்.
பிறகு ஒரு நடுக்கம், ஒரு சரிவு,
சரிந்து, தத்தளித்து,
பிறகு ஒரு மனுஷியின் வளைவு.
காந்தமானியின் ஊசி தாளில் கிறுக்குவதை
அவள் கண்டதில்லை.
இது கால் மைல் நீளம். வண்டுகள் மேய்ந்தன.
சால்கள் விலகிய இடமெல்லாம் காட்டு ஓட்ஸ்.

காப்பீட்டுப் படிவத்தில் கட்டங்கள் இருந்தன:
ஆலங்கட்டி, வெள்ளம், வறட்சி, வெட்டுக்கிளி.
எதிலும் டிக் செய்யாமல்
'பிற' என்பதற்கு எதிரே எழுதினாள்:
ஞாயிறு.

ஒரு வாரம் கழித்து அலுவலகத்திலிருந்து அழைப்பு.
இளங்குரல், மிகுந்த மரியாதை.
"அம்மா, நாங்கள் கிழமையைக் கேட்கவில்லை.
காரணத்தைக் கேட்டோம்."